ஸ்வெட்டர் சூடு தராது: குளிரில் நெடுந்தூரம் நடக்கப் பொருள் தேர்வது எப்படி?

ஒரு ஐஸ் கட்டியை எடுத்து, நல்ல கனமான கம்பளி ஸ்வெட்டரால் சுற்றி மேசைமேல் வையுங்கள். பக்கத்தில் இன்னொரு கட்டியைச் சும்மா வையுங்கள். எது முதலில் உருகும்? கேட்டவுடன் பலர் "ஸ்வெட்டருக்குள் இருப்பதுதான்" என்பார்கள். செய்து பார்த்தால், ஸ்வெட்டருக்குள் இருப்பதுதான் கடைசிவரை கட்டியாகவே கிடக்கும்.

குளிர்காலத்தில் முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு பத்துப் பதினைந்து நாள் ட்ரெக்கிங் கிளம்புகிறவர்களின் குழப்பத்தில் பாதி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. "இந்த ஜாக்கெட் நல்ல சூடா இருக்குமா?", "இந்த ஸ்லீப்பிங் பேக் மைனஸ் பத்து தாங்குமா?" என்று கேட்கிறோம். பொருள்தான் சூட்டைத் தருகிறது என்ற நினைப்பு அந்தக் கேள்வியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதிரி என்றால் வெளியே இருக்கும் குளிர் மட்டுமே என்ற நினைப்பும் கூடவே வருகிறது. நாள் கணக்கில் நடக்கும்போது அதைவிடப் பெரிய தொல்லை நம் உடம்பிலிருந்தே கிளம்புகிறது. அதன் பெயர் ஈரம். இந்த இரண்டும் பிடிபட்டால், எதை வாங்குவது என்பது பாதிக்குமேல் தானாகத் தெளிந்துவிடும்.

அடுப்பு நீங்கள்தான்

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. பழைய காலத்துக் குண்டு பல்பு ஒன்று எரிவதற்குச் சமம். சுமையோடு மேடு ஏறும்போது அது நாலைந்து மடங்காகிவிடும். உடையும் படுக்கையும் இந்த வெப்பம் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதை மட்டும்தான் தீர்மானிக்கின்றன. ஃபிளாஸ்க் தன்னால் காபியைச் சூடாக்காதே, அதுபோல.

அப்படியானால் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவது எது? கம்பளியா, பஞ்சா? உண்மையில் அவற்றுக்கிடையே அகப்பட்டு அசையாமல் நிற்கும் காற்று. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். இழைகளின் வேலை அந்தக் காற்றை நகரவிடாமல் பிடித்து வைப்பது. இப்படி வெப்பம் கடப்பதைத் தடுப்பதற்கு வெப்பக்காப்பு என்று பெயர். உப்பிய ஜாக்கெட் ஒன்றைக் கையால் அழுத்தினால் காற்று வெளியேறிவிடும். காப்பும் அதோடு போய்விடும்.

இப்போது அந்தக் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும்? தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தக்கூடியது. அதோடு விடாது, நனைந்த துணி காய்வதற்கான வெப்பத்தையும் உங்கள் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக எடுக்கும் வெப்பம், பூஜ்ய டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவருவதற்கு ஆகும் வெப்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். குளித்துவிட்டு ஈர உடம்போடு ஃபேனுக்கு அடியில் நின்றால் வெடவெடக்கிறதே, அதே கணக்குதான்.

சுருக்கமாக: வெப்பத்தை உண்டாக்குவது உடம்பு. அதைக் காப்பது அசையாத, காய்ந்த காற்று. காற்றைக் கலைப்பவை மூன்று: அழுத்தம், வீசும் காற்று, ஈரம்.

வியர்க்காமல் நடப்பது ஒரு கலை

புதிதாகக் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். காலையில் டென்ட்டைவிட்டு வெளியே வருவார்கள், நடுங்கும், இருக்கிற கனமான ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்குவார்கள். இருபது நிமிஷத்தில் முதுகு தொப்பலாக நனைந்திருக்கும். அப்புறம் மேட்டின் உச்சியில் காற்று அடிக்கிற இடத்தில் பையை இறக்கிவைத்து இளைப்பாறுவார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் உடம்பு உதறும் உதறல் எந்த ஜாக்கெட்டாலும் நிற்காது.

நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். என் முதல் குளிர்கால நடையில் உள்ளே போட்டிருந்தது ஒரு பருத்தி பனியன். பருத்தி இழை நீரைத் தனக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொள்ளும், லேசில் விடாது. மதியம் நனைந்தது, மாலை முகாமிடும்போதும் முதுகில் சில்லென்று ஒட்டிக்கொண்டிருந்தது. கழற்றி டென்ட் கயிற்றில் போட்டேன். காலையில் எடுத்தபோது அட்டை மாதிரி விறைத்து நின்றது, மடிக்கவே முடியவில்லை.

இதற்காகத்தான் ஒரே தடிமனான உடைக்குப் பதிலாக, கழற்றி மாட்ட வசதியாகப் பல மெல்லிய உடைகளை அடுக்கிப் போடுகிறார்கள். இதை லேயரிங் என்பார்கள். இதில் ஒவ்வொரு அடுக்குக்கும் தனி வேலை உண்டு.

தோலை ஒட்டிய அடுக்கு வியர்வையைத் தோலிலிருந்து நகர்த்த வேண்டும். பாலியெஸ்டர் தெர்மல் தன்னுள் கிட்டத்தட்ட நீரே ஏற்றுக்கொள்ளாது, அதனால் வேகமாகக் காயும். ஆனால் மூன்றாம் நாளே நாறத் தொடங்கிவிடும். மெரினோ என்னும் மென்மையான ஆட்டுக் கம்பளி காய நேரமெடுக்கும். பதிலுக்கு, தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிய பிறகும் சில்லென்று உறைக்காது, நாற்றமும் குறைவு. எதை எடுத்தாலும் சரி, கனமானதை எடுக்காதீர்கள். நடக்கும்போது மெல்லியதே போதும்.

நடு அடுக்குக்கு ஃப்ளீஸ். இது புசுபுசுவென்ற செயற்கைத் துணி. காற்றைத் தடுக்காது என்று இதைக் குறை சொல்வார்கள். நடக்கிறபோது அதுவே நல்லது, ஆவி தாராளமாக வெளியேறும்.

வெளி அடுக்கு காற்றையும் மழையையும் தடுப்பது. இங்கேதான் விளம்பரம் அதிகம் பேசுகிறது. கோர்டெக்ஸ் போன்ற சவ்வு வைத்த துணிகளை "மூச்சு விடும்" என்பார்கள். துணி மூச்சு விடுவதில்லை. அந்தச் சவ்வில் இருக்கும் துளைகள் நீர்த்துளியைவிட மிகச் சிறியவை, நீராவி மட்டும் கடக்கும். உள்ளே ஆவி அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் அது நகரும், அதுவும் ஓர் அளவுக்குத்தான். சுமையோடு வேர்க்க விறுவிறுக்க ஏறுகிறவரின் வியர்வைக்கு எந்தச் சவ்வும் ஈடுகொடுக்காது. ஆகவே, வாங்கும்போது சவ்வின் பெயரைவிட அக்குளுக்குக் கீழே திறக்கும் ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஜிப்பைத் திறந்தால் வெளியேறும் ஆவி சவ்வு வழியாகப் போவதைவிடப் பல மடங்கு. மழையோ ஈரப்பனியோ இல்லாத நாள்களில் சவ்வே வேண்டாம், உள்ளங்கையில் அடங்கும் மெல்லிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட் போதும்.

நாலாவதாக, அந்த உப்பிய ஜாக்கெட். அது நிற்கிற நேரத்துக்கானது. பையை இறக்கியவுடன், குளிர்வதற்கு முன்பே, எல்லாவற்றுக்கும் மேலே மாட்டிக்கொள்ளும் அளவுக்குத் தொளதொளவென்று இருக்க வேண்டும். மறுபடி நடக்கும்போது கழற்றிவிடுங்கள். கிளம்பும்போது லேசாகக் குளிர்ந்தால் உடை சரியாக இருக்கிறது என்று பொருள்; பத்து நிமிஷத்தில் உடம்பு சூடேறிவிடும்.

தலையைப் பற்றி ஒரு வார்த்தை. உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது என்பது எல்லோர் வாயிலும் உலவும் கதை. தலை உடம்பின் பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்குதான், போகிற வெப்பமும் ஏறக்குறைய அந்த விகிதத்தில்தான். ஆனாலும் தொப்பி கட்டாயம். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் அதைவிடச் சுலபமான வழி வேறில்லை: வியர்க்கிற மாதிரி இருந்தால் கழற்று, நின்றால் போடு.

சுருக்கமாக: நடக்கும்போது மெல்லியதும் ஆவி போகக்கூடியதும்; நிற்கும்போது உப்பியது; காற்றடித்தால் வெளி அடுக்கு. நாளுக்கு இருபது தடவை போட்டுக் கழற்றச் சோம்பல்படாதீர்கள்.

டௌனும் அந்த 800 என்ற எண்ணும்

டௌன் என்பது வாத்து, கூஸ் போன்ற பறவைகளின் மார்புப் பகுதியில், இறகுகளுக்கு அடியில் இருக்கும் பஞ்சு போன்ற பொருள். ஒரே எடைக்கு இதைப்போல் காற்றைப் பிடித்து வைக்கும் பொருள் கிடைப்பது அரிது. ஜாக்கெட்டின் மீது 600, 800 என்று எண் போட்டிருக்கும். இதற்கு ஃபில் பவர் என்று பெயர்: ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் டௌன், எத்தனை கன அங்குலம் உப்பும் என்ற அளவு. 800 என்றால் அந்த 28 கிராம் ஏறக்குறைய 13 லிட்டர் இடத்தை அடைக்கும்.

பலர் இதை வெப்ப அளவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே எவ்வளவு டௌன் இருக்கிறது என்று தெரியாமல் இந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. 100 கிராம் 800-ஐ அடைத்த ஜாக்கெட்டைவிட 200 கிராம் 600-ஐ அடைத்தது அதிகம் உப்பும், அதிகம் காக்கும், எடைதான் கூடும். எனவே கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை கிராம் அடைத்திருக்கிறீர்கள்?"

டௌனின் பலவீனம் ஈரம். நனைந்தால் கட்டி கட்டியாகச் சேர்ந்து, உப்புவதை மறந்துவிடும். செயற்கைப் பஞ்சு அதே காப்புக்குக் கூடுதல் எடையும் இடமும் பிடிக்கும், ஆனால் ஈரத்தில் ஓரளவு தாக்குப்பிடிக்கும், சீக்கிரமும் காயும். வறண்ட கடுங்குளிருக்கு டௌன். பூஜ்யத்தை ஒட்டி மழையும் ஈரப்பனியுமாக மாறி மாறி வரும் இடத்துக்குக் குறைந்தது ஜாக்கெட்டாவது செயற்கைப் பஞ்சாக இருந்தால் நல்லது. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் மைனஸ் பத்தைவிட பிளஸ் இரண்டு பல நேரம் ஆபத்தானது. பனி தட்டினால் உதிர்ந்துவிடும், மழை உதிராது.

ஸ்லீப்பிங் பேக்கில் எழுதியிருக்கும் மூன்று வெப்பநிலைகள்

"மைனஸ் பத்து பை" என்று விற்பார்கள். எந்த மைனஸ் பத்து என்று கேளுங்கள். ஐஎஸ்ஓ 23537 என்ற உலகத் தரமுறைப்படி, சூடேற்றும் பொம்மை மனிதரை உள்ளே படுக்கவைத்துச் சோதித்து, அதிலிருந்து வெப்பநிலைகளைக் கணக்கிடுகிறார்கள். கம்ஃபர்ட் என்பது, சராசரிப் பெண் ஒருவர் தளர்வாகப் படுத்துக் குளிராமல் தூங்கக்கூடிய அளவு. லிமிட் என்பது, சராசரி ஆண் ஒருவர் சுருண்டு படுத்து ஒருவழியாகத் தூங்கக்கூடிய அளவு. இரண்டுக்கும் பொதுவாக ஐந்தாறு டிகிரி வித்தியாசம் இருக்கும். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைக்கும் எல்லை. அதைப் பார்த்துப் பை வாங்குவது, மூழ்காமல் மூச்சுப் பிடிக்கும் நேரத்தைப் பார்த்து நீச்சல் போவது மாதிரி. ஆணோ பெண்ணோ, நெடும்பயணத்துக்கு கம்ஃபர்ட் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். பத்தாவது நாள் களைத்துப்போன, இளைத்த உடம்பு முதல் நாள் உடம்பைப்போல் சூடு உண்டாக்காது.

எந்த எண் வேண்டும் என்று எப்படித் தெரியும்? போகும் மாதத்தின் இரவு வெப்பநிலையைப் பக்கத்து ஊர்க் கணக்கிலிருந்து எடுங்கள். அதைவிட ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் சராசரியாக ஆறரை டிகிரி கழியுங்கள். அதற்குமேல் இன்னும் ஐந்து டிகிரி கைவசம் வையுங்கள். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே ஓடைக்கரைத் தட்டையைவிடச் சற்று மேலே டென்ட் போட்டாலே சில டிகிரி மிச்சம்.

இனி, அதிகம் பேசப்படாத பொருள்: மேட். படுத்தவுடன் உங்களுக்குக் கீழே இருக்கும் டௌன் நசுங்கிவிடுகிறது. முதலில் பார்த்தோமே, நசுங்கினால் காப்பு இல்லை. ஆக, தரைக்கும் உங்களுக்கும் நடுவே இருப்பது மேட் மட்டும்தான். அதன் தடுப்புத் திறனை ஆர்-மதிப்பு என்கிறார்கள். எண் கூடினால் காப்பு கூடும். 2018-இல் இதற்குப் பொதுவான சோதனை முறை வந்த பிறகு, அந்த முறைப்படி சோதித்த மேட்களை எந்த நிறுவனத்துடையதானாலும் ஒப்பிடலாம். கோடைக்கு இரண்டு போதும், பனிமேல் படுக்கக் குறைந்தது ஐந்து வேண்டும். இதில் ஒரு வசதி, மதிப்புகள் கூடிக்கொள்ளும்: இரண்டு மதிப்புள்ள ஃபோம் மேட்டின் மேல் நான்கு மதிப்புள்ள காற்றடைத்த மேட் போட்டால் ஆறு. நான் எப்போதும் இப்படித்தான் போவேன். காற்று மேட் நடுராத்திரியில் ஓட்டையானாலும் ஃபோம் காப்பாற்றும், பகலில் அதை மடித்து உட்காரவும் செய்யலாம். பையில் குளிர்கிறது என்று புலம்புகிறவர்களில் பலருக்கு வேண்டியது நல்ல மேட்தான்.

சுருக்கமாக: பைக்கு கம்ஃபர்ட் எண், மேட்டுக்கு ஆர்-மதிப்பு. இரண்டில் ஒன்று தவறினாலும் தூக்கம் போச்சு.

பத்தாவது நாள் வரும் பிரச்சினை

ஓரிரவு முகாமுக்கும் நெடும்பயணத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். வியர்க்காமல் இருந்தாலும் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்பு ஒரு நாளில் அரை லிட்டருக்கு மேல் நீரை ஆவியாக வெளியிடுகிறது. இரவில் தோலிலிருந்து கிளம்பும் ஆவி பையின் டௌனுக்குள் ஊடுருவி, வெளிப்பக்கத்தை நெருங்கும்போது குளிர்ந்து நீராகிவிடும். கடுங்குளிரில் அங்கேயே உறைந்துவிடும். குளிர்ந்த டம்ளரின் வெளியே நீர் முத்து கட்டுவது போல, இது பஞ்சுக்குள்ளேயே நடக்கிறது. ஓரிரவில் கொஞ்சம்தான். தினமும் வெயிலில் காயவைக்க முடியாவிட்டால் ஒரு வாரத்தில் பை கனத்து, மெலிந்துவிடும். கடையில் மைனஸ் பத்தாக இருந்த பை அப்போது மைனஸ் இரண்டுக்கே திணறும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். 1911-இல், அண்டார்டிகாவின் நடுக்குளிர்காலத்தில், தென்துருவம் போகக் கிளம்பிய பிரிட்டிஷ்காரர் ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்த மூன்று பேர் பென்குயின் முட்டை தேடி ஐந்து வாரம் நடந்தார்கள். அவர்களில் செர்ரி-காரார்டின் தூக்கப் பை கிளம்பும்போது 18 பவுண்ட். திரும்பும்போது 45 பவுண்ட். கூடியதெல்லாம் உறைந்த ஈரம்.

அந்த நிலைமை நமக்கு வராது, ஆனால் விதி ஒன்றுதான். வாயையும் மூக்கையும் பைக்குள் புதைத்துத் தூங்காதீர்கள், மூச்சிலிருக்கும் நீர் முழுவதும் உள்ளே இறங்கும். வெயில் வந்தால், அது மதிய இடைவேளையாக இருந்தாலும், பையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி விரித்துப் போடுங்கள். பைக்கு மேலே மெல்லிய செயற்கைப் பஞ்சுப் போர்வை ஒன்று போர்த்தினால், ஈரம் டௌனைத் தாண்டி அந்தப் போர்வையில் போய்த் தேங்கும். இரண்டு வாரத்துக்கு மேல், பகலிலும் மைனஸாகவே இருக்கும் பயணமென்றால் ஆவித்தடுப்பு உறை என்று ஒன்று உண்டு: நீராவி புகாத மெல்லிய பை, உங்களுக்கும் ஸ்லீப்பிங் பேக்குக்கும் நடுவே. உள்ளே கொஞ்சம் பிசுபிசுக்கும். டௌன் காய்ந்தே இருக்கும்.

டென்ட்டும் இதே கதைதான். டென்ட் காற்றைத் தடுக்கும், சூடு தராது. ஜன்னல்களை எல்லாம் இறுக்கி மூடினால் மூச்சு கூரையில் பனித்தூளாகப் படியும். காலையில் ஒரு முழங்கை பட்டால் போதும், அவ்வளவும் முகத்தில் கொட்டும். குளிரட்டும் என்று மேல் காற்றுத்துளையைத் திறந்தே வையுங்கள்.

ஸ்டவ், தண்ணீர், பேட்டரி

கேஸ் ஸ்டவ் குளிரில் அணைவதற்குக் காரணம் எளிது. டப்பாவுக்குள் இருப்பது திரவம். அது ஆவியானால்தான் எரியும். சாதாரண பியூட்டேன் மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. ஐசோபியூட்டேன் சுமார் மைனஸ் 12 வரை, புரொப்பேன் மைனஸ் 42 வரை. குளிர்காலக் கலவை என்று விற்பதில் பின்னவை இரண்டும் இருக்கும். இதிலும் ஒரு சூட்சுமம்: புரொப்பேன்தான் வேகமாக ஆவியாகிப் போகும். டப்பா பாதி காலியானபோது குலுக்கினால் கேஸ் இருக்கும், பற்றவைத்தால் எரியாது. டப்பாவை இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்வது ஓரளவு உதவும். மைனஸ் பத்துக்குக் கீழே பல நாள் என்றால், பம்ப் அடிக்கும் திரவ எரிபொருள் ஸ்டவ்தான் நம்பகமானது. எந்த ஸ்டவ்வானாலும் டென்ட்டுக்குள் எரிக்காதீர்கள், கார்பன் மோனாக்ஸைடு வாசனையே தெரியாமல் கொல்லும்.

எரிபொருள் கணக்கில் எல்லோரும் ஏமாறும் இடம் பனியை உருக்குவது. பூஜ்ய டிகிரிப் பனி ஒரு கிலோவை வெறும் நீராக்குவதற்கே, அந்த நீரை அதன்பின் 80 டிகிரிவரை சூடாக்கும் அளவு வெப்பம் வேண்டும். வழியில் ஓடும் நீர் கிடைக்காதென்றால் எரிபொருளை இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகச் செருகி வையுங்கள். மேல்பக்கம்தான் முதலில் உறையும், அப்போது மூடி திறக்கும். ரப்பர் குழாய் வைத்த நீர்ப்பை குளிருக்கு ஆகாது. தண்ணீரை வடிகட்டும் இழைக்குழாய் ஃபில்டர் ஒருமுறை உறைந்தால் உள்ளே கிழிந்துவிடும், பார்த்தால் தெரியாது. தூங்கும்போது அதையும் கூடவே படுக்கவையுங்கள். ஃபோனும் பவர் பேங்கும் அங்கேதான். உறைநிலைக்குக் கீழே இருக்கும் லித்தியம்-அயன் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது, கெட்டுவிடும்.

கையும் காலும்

விரல் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட நாலு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன் சூடானது. வெளியே தெரியும் பரப்பு குறைவு. மெல்லிய கையுறை ஒன்று உள்ளே, மிட்டன் மேலே. பூட்ஸ் வாங்கும்போது தடிமனான சாக்ஸ் போட்டு அளவு பாருங்கள். குளிருக்கு என்று இரண்டு சாக்ஸை இறுக்கமான பூட்ஸில் திணித்தால் ரத்த ஓட்டம் குறையும், பாதம் இன்னும் குளிரும். இரவில் பூட்ஸை வெளியே விட்டால் காலையில் கல்லாகிவிடும். ஒரு கவரில் போட்டுப் படுக்கையில், கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடையைக் குறைக்கத்தான் வேண்டும். மூன்றாவது பேன்ட், கோடாரி, கனத்த புத்தகம் எல்லாம் போகட்டும். எடையே பார்க்காமல் நான் எடுத்து வைப்பது ஒன்றுதான்: முதுகுப்பையின் அடியில், தண்ணீர் புகாத உறைக்குள், ஒரு ஜோடி தடித்த கம்பளி சாக்ஸ். அவை தூங்க மட்டும். பகலில் எவ்வளவு நனைந்தாலும், நடப்பதற்கு அவற்றைத் தொடுவதில்லை.